கரி ஊசி

கரி ஊசி வந்த பிறகு குன்னூரில் முதலில் வேலை இழந்தவை ஜன்னல்கள்தாம்.

அதற்கு முன்பெல்லாம் மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பயத்தோடுதான் குளிர் காய்ந்தார்கள். குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்தால் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைப்பார்கள். அப்படிச் செய்யாதவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. புகை கண்ணைக் கரித்தாலாவது எழுந்து ஓடலாம், இது அந்த மரியாதையைக்கூடத் தராது. லேசாகத் தலை வலிக்கும், குமட்டும், அசதி என்று கண்ணை மூடினால் கதை முடிந்தது. சுற்றுலா வந்தவர்கள் முற்றத்தில் கோழி வாட்டிய கரியை வீணாக்குவானேன் என்று விடுதி அறைக்குள் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திப் படுத்து, குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு மூன்று செய்தி வரும். படித்துவிட்டு எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள், அடுத்த குளிர்காலம் வேறு யாராவது செய்வார்கள்.

பிறகு மழைக்காலம் நீண்டுகொண்டே போய் வருடத்தில் பாதியை விழுங்கியது. மலையில் துணியும் காயவில்லை, எலும்பும் காயவில்லை. குமுட்டி இல்லாமல் முடியாது என்று ஆன சமயத்தில்தான், கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரேணுகாதேவி அந்த ஊசியைக் கண்டுபிடித்தாள்.

தொலைக்காட்சியில் அவள் அதை விளக்கிய விதம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். "நம்ம ரத்தம் ஒரு பஸ்ஸுன்னு வெச்சுக்கங்க. சீட்டுல உக்கார வேண்டியது ஆக்ஸிஜன். ஆனா இந்தக் கார்பன் மோனாக்சைடு இருக்குதே, அது ஜன்னல் வழியா துண்டு போட்டு எல்லாச் சீட்டையும் புடிச்சுரும். ஆக்ஸிஜன் நிக்கக்கூட எடமில்லாம கீழயே நிக்கும். நாங்க என்ன பண்ணியிருக்கோம்னா, அதுக்குன்னே காலி பஸ் ஒண்ணு பின்னாடியே விட்டிருக்கோம். துண்டெல்லாம் அதுல போய் விழுந்துரும். நம்ம பஸ்ஸு நிம்மதியா ஓடும்." அவ்வளவுதான் விஷயம். வருடத்துக்கு ஒரு ஊசி.

முதல் ஊசி போட்டுக்கொண்டவள் அவளுடைய தங்கை கோகிலவாணி. கண்ணாடி அறை ஒன்றில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் கனன்று எரியும் குமுட்டியை வைத்து, ஒரு பொட்டுக் காற்று போகாமல் அடைத்தார்கள். வெளியே கேமராக்கள். அவள் சாவகாசமாக வறுத்த கடலையை உரித்துத் தின்றாள். அறையில் இருந்த எச்சரிக்கைப் பெட்டி வீல்வீல் என்று கத்தியது. அவள் அதைக் கையில் எடுத்து, "சும்மா இருடா!" என்று அதட்டினாள்.

அந்த அதட்டலை ஊரே பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் கோகிலாவின் முகம், கீழே "சும்மா இருடா!" அவள் ஓவியம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைச் "சும்மா இருடா டீச்சர்" என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். தாயும் தகப்பனும் ஒரு மார்கழியில் இதே குமுட்டிப் புகையில்தான் போனார்கள். அக்கா தங்கை இருவரும் அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். கோகிலாவுக்கு அப்போது பதினொன்று. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னியதும், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்ததும், மௌலீஸ்வரனை மாப்பிள்ளையாகப் பார்த்துப் பேசி முடித்ததும் ரேணுகாதான். அக்கா ஊசியை நீட்டினால் தங்கை கையை நீட்டாமல் என்ன செய்வாள்?

ஊசி வந்ததும் ஊர் மாறிய வேகம் வேடிக்கையாக இருந்தது. கட்டடக்காரர்கள் வென்டிலேட்டரை மறந்தார்கள். ஜன்னல் வைத்தால் சூடு போய்விடும் என்று ஒரே கண்ணாடிப் பலகையாகப் பதித்து ஒட்டினார்கள். குளியலறை கேஸ் கீஸருக்குப் புகைக்குழாய் எதற்கு என்றார்கள். ஊசி போடாதவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. எச்சரிக்கைப் பெட்டிகள் பழைய இரும்புக்காரரிடம் போயின. வீட்டுப் பூனைகள் சில செத்தன. அவற்றுக்கும் ஒரு ஊசி வந்தது. "ஜன்னலைக் கொஞ்சம் தெறந்து வைம்மா" என்று யாராவது பெரியவர் சொன்னால், எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்தவள்தான்.

*

கல்யாணமாகி நாலாம் வருடம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. முதலில் சொன்னது அக்காவிடம். ரேணுகாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் மடி நிறையவில்லை. ஆனால் அக்கா போனிலேயே அழுது சிரித்து, "என்ற கண்ணு, என்ற சாமி" என்று கொஞ்சித் தீர்த்துவிட்டாள்.

"அக்கா, நான் கரி ஊசி போட்டிருக்கேனே. ஒண்ணும் ஆகாதில்ல?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு" என்றாள் ரேணுகா.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் கோயம்புத்தூரிலிருந்து அக்காவின் அழைப்பு வந்துவிடும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் கடைசியில்தான். அசைவு தெரியத் தொடங்கியதும் முதல் கேள்வி, "உதைக்கிதா?" ஐந்தாம் மாதத்தில் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி அனுப்பினாள். கோகிலாவின் மாமியார் பாப்பாத்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கரண்ட்டு சூடு ஒடம்புக்கு ஒத்துக்காது புள்ள. நம்மளுக்குக் குமுட்டிதான் லாயக்கு" என்று பரண்மேல் ஏற்றிவிட்டாள். கோகிலா அதைச் சொன்னபோது அக்கா, "சரி, பாத்துக்க" என்றாள்.

ஏழாம் மாதத்திலிருந்து பிள்ளை சோம்பேறியாகிவிட்டது. முன்பு சாப்பிட்டு முடித்ததும் உருளும், இப்போது தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. டாக்டர் ஹசீனா ஸ்கேன் பார்த்து, "வளர்ச்சி கம்மியா இருக்கு. நீங்க சரியாச் சாப்பிடறதில்லை" என்று திட்டினார். பாப்பாத்தி அன்றிலிருந்து ராகிக் களியும் கீரையுமாகத் திணித்தாள். கோகிலாவுக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கன்னம் ரோஜாவாக இருந்தது. தன்னிடம் ஒரு குறையும் இல்லை, பிள்ளை மட்டும் ஏன் இப்படி என்று அவள் தனக்குள் அரித்துக்கொண்டிருந்தாள்.

*

ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்தார்கள். பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, வளையல் பூட்டி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற விசேஷம் அது. கோகிலாவுக்குப் பிறந்த வீடு என்றால் அக்கா ஒருத்திதான். ஆகவே சித்தி குடும்பம் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் எள்ளுச்சோறுமாக விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. ரேணுகாவுக்கு ஏதோ கூட்டமாம், பதினோரு மணிக்குத்தான் வருவாளாம்.

மண்டபம் புதிது. மூடினால் பெட்டி மாதிரி. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் நாலு மூலையிலும் பெரிய குமுட்டிகள் வைத்திருந்தார்கள். பெண்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. அந்தக் கதகதப்பில் எல்லாருக்கும் முகம் சிவந்து, சிரிப்புச் சத்தம் கூரையைத் தட்டியது. நடுவே மனையில் கோகிலா. தாழம்பூ ஜடை, இரு கையிலும் முழங்கைவரை வளையல். பக்கத்து வீட்டு பெனிட்டா ஐந்து மாத வயிற்றோடு முன்வரிசையில் உட்கார்ந்து, "டீச்சர், என்னோடதுக்கும் நீங்கதான் முதல் வளையல் போடணும்" என்று கண்ணடித்தாள்.

கோகிலா சிரித்தாள். ஆனால் கை அடிக்கடி வயிற்றுக்குப் போனது. காலையில் எழுந்ததிலிருந்து பிள்ளை அசையவில்லை. எள்ளுச்சோறு சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். இவ்வளவு சத்தத்தில் தூங்குகிறதாக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ரேணுகா வந்தாள். பட்டுப்புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக அவள் உள்ளே நுழைந்ததும், ஊசி கண்டுபிடித்தவள் என்று நாலு பேர் எழுந்து நின்றார்கள். ஆனால் வளையல் தட்டைக் கையில் எடுக்கப் போனபோது, யாரோ ஒரு தூரத்து அத்தை மெல்ல அதை வாங்கி அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். பிள்ளை பெறாதவள் கை படக்கூடாதாம். ரேணுகா ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோகிலாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அந்த அத்தையை நாலு வார்த்தை கேட்கலாமென்று பார்த்தால், மனையை விட்டு எழக் கூடாது என்று இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரை மணி போயிருக்கும். ரேணுகா எழுந்தாள். நெற்றியைத் தேய்த்தபடி சுவரோரமாக நடந்து, மண்டபத்தின் பின்கதவைத் தாழ் நீக்கித் திறந்தாள். பக்கக் கதவையும் திறந்தாள். அவசரத்துக்கென்று கூரையோரம் இருந்த சின்னக் கண்ணாடிக் கதவுகளையும் கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். சாரலோடு காற்று சில்லென்று உள்ளே பாய்ந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, குளுருதுங்க!" என்று கூவினார்கள். "நீங்களே ஊசி கண்டுபுடிச்சுப்போட்டு நீங்களே கதவத் தொறக்கறீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். ரேணுகா சிரிக்கவில்லை. கதவருகே நின்று வெளிக்காற்றை வாயால் இழுத்தாள். ஒரு முறை திரும்பிக் கோகிலாவைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அந்தப் பார்வை கோகிலாவுக்குத் தெரிந்த பார்வை. சின்ன வயதில், அப்பாவும் அம்மாவும் எங்கே என்று கேட்டபோது அக்கா இப்படித்தான் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினாள். இந்த ஊசியைப் பற்றி உலகத்தில் யாரையும்விட அதிகம் தெரிந்தவள் ஏன் கதவைத் திறக்கிறாள்? கோகிலாவின் கை வயிற்றின்மேல் அப்படியே நின்றது. அவள் தோள்களைப் பிடித்திருந்த கைகளை உதறிவிட்டு எழுந்தாள்.

*

மணமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

"எதுக்குக்கா தொறந்த?"

"புழுக்கமா இருந்துச்சு கண்ணு."

"பொய் சொல்லாத. காத்தாலருந்து பாப்பா அசையலை. எதுக்குத் தொறந்த?"

ரேணுகாவின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. "காத்தாலருந்தா? ஏன் எனக்குப் போன் பண்ணலை?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ரேணுகா கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கியபோது குரல் தொலைக்காட்சியில் கேட்ட குரலாக இல்லை.

"அந்தக் காலி பஸ்ஸு இருக்குதில்ல, அது உன்ற ரத்தத்துல மட்டுந்தான் ஓடும். பிள்ளைக்குப் போகாது. நஞ்சுக்கொடிகிட்டயே நின்னுரும். ஆனா அதுல ஏறுன கார்பன் மோனாக்சைடு நிக்காது. மெதுவா எறங்கி அந்தப் பக்கம் போயிரும். பிள்ளையோட ரத்தம் நம்மளதவிட அத இறுக்கிப் புடிச்சுக்கும்."

"அப்ப?"

"ஊசி போடாதவளா இருந்தா அவளுக்குத்தான் மொதல்ல தலை வலிக்கும். எந்திரிச்சு வெளிய ஓடியிருவா. பிள்ளையும் தப்பிச்சுக்கும். ஊசி போட்டவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நல்லா உக்காந்திருப்பா."

"கடலை தின்னுட்டு" என்றாள் கோகிலா.

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"மொத வருசமே. முயல்ல பாத்தோம். தாய் முயலு துள்ளிட்டுத் திரிஞ்சுது. குட்டியெல்லாம்…" அவள் முடிக்கவில்லை. "கம்பெனில சொன்னேன் கோகி. முயலு வேற, மனுசி வேறன்னாங்க. கர்ப்பிணிங்கள வெச்சுப் பாக்கறதுக்குப் பல வருசம் ஆகும், அதுவரைக்கும் ஊசிய நிறுத்தினா குளுருக்கு எத்தனை பேரு சாவாங்கன்னு கேட்டாங்க. நம்ம அம்மாளும் அப்பனும் செத்தது உனக்குத் தெரியாதா? என்னால வேண்டாம்னு சொல்ல முடியலை."

"ஊருக்குச் சொல்ல முடியலை, சரி. எனக்கு?"

ரேணுகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான் கேட்டனேக்கா. ஒண்ணும் ஆகாதில்லன்னு. நீ என்ன சொன்ன? 'உனக்கு ஒண்ணும் ஆகாது.' அப்பவே யோசிச்சுத்தான் அந்த வார்த்தையப் பொறுக்கிச் சொன்னயா?"

"உன்ற மொகந்தான் ஊரு பூரா ஒட்டியிருக்குது. நீ ஒருத்தி ஜன்னலத் தொறந்தா ஊரே ஏன்னு கேக்கும். அதான் ஹீட்டர் அனுப்புனேன்."

"ஹீட்டர்!" கோகிலா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது. "பரண்மேல வெச்சிருக்கோம்னு சொன்னனே. அதுக்கப்புறமும் வாயத் தொறக்கலையே நீ. வாரா வாரம் உதைக்கிதா உதைக்கிதான்னு கேட்டயே, அது எதுக்கு? நான் என்னமோ அக்காவுக்கு என்மேல உசுருன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"உசுருதான் கண்ணு."

"முயல்கிட்டயும் உசுராத்தான் இருந்திருப்ப."

ரேணுகா முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். "ஆறாம் மாசம் வரைக்கும் நல்லா உதைச்சுதில்ல? ஒவ்வொரு வாரமும் நீ உதைக்குதுன்னு சொல்லச் சொல்ல எனக்குத் தைரியம் வந்துச்சு. மனுசிக்கு ஆகாதுபோல, கம்பெனிக்காரங்க சொன்னதுதான் சரின்னு நம்புனேன். நம்பணும்னு நெனச்சேன்."

கோகிலாவுக்கு அக்காவை அறைய வேண்டும்போல் கை பரபரத்தது. தலை பின்னிவிட்ட கை, ஊசி போட்ட கை, இப்போது முகத்தைப் பொத்தியிருக்கிற கை எல்லாம் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அறைவதற்கும் அழுவதற்கும் இப்போது நேரமில்லை. கதவைத் திறந்து மண்டபத்துக்குள் போனாள்.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள். "குமுட்டியெல்லாம் தூக்கி மழையில வைங்க. பெனிட்டா, எந்திரி. நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

சிரிப்பு நின்றது. பாப்பாத்தி ஓடிவந்து, "ஏம்புள்ள, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? வளையல் பூட்டிப்போட்டு இப்படிக் கத்தலாமா?" என்று கையைப் பிடித்தாள்.

"அத்தை, ஊசி நமக்குத்தானுங்க. வயித்துல இருக்கறதுக்கு இல்லீங்க" என்றாள் கோகிலா. மண்டபத்தில் ஐம்பது பெண்களும் அவளைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவரொட்டி முகத்தைப் பார்த்து ஜன்னலை அடைத்தவர்கள் என்று அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பெனிட்டா மட்டும் சட்டென்று புரிந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல் சாரலில் ஓடிவந்தாள்.

*

விஷயம் கேட்டு ஓடிவந்த மௌலி காரில் ஏறி ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னதும் அது தானாக ஓடியது. அவன் பின்னால் திரும்பி மனைவியின் கையைப் பிடித்திருந்தான். நேற்று ராத்திரி அறைக்குள் குமுட்டியைத் தூக்கிவைத்தது அவன்தான். அதை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ரேணுகாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் பின்னால் வேறு வண்டியில் வந்தாள்.

ஹசீனா முதலில் கோகிலாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, "உங்களுக்கு ஆக்ஸிஜன் அருமையா இருக்கே" என்றார். பிறகு வயிற்றில் வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. துடிப்பு இருந்தது, ஆனால் குழந்தையின் துடிப்பு போலத் துள்ளவில்லை, களைத்தவன் படியேறுவதுபோல இழுத்துக்கொண்டிருந்தது.

கோகிலாவுக்கும் பக்கத்துக் கட்டிலில் பெனிட்டாவுக்கும் முகமூடி மாட்டினார்கள். ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டே, கோகிலா அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். ஹசீனா ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருசமா காரணமே தெரியாம எத்தனையோ பிள்ளைங்க வயித்துலயே போயிருச்சும்மா" என்றார். "நான் எல்லாத் தாய்மாரையும் திட்டினேன். சரியாச் சாப்பிடலை, சரியாத் தூங்கலைன்னு. அவங்க அழுதுட்டுக் கேட்டுக்கிட்டாங்க." உடனே எழுந்துகொண்டார். "இனி காத்திருக்க முடியாது. எடுத்துடலாம். உன் பிள்ளைக்கு வெளியதான் நல்ல காத்து."

முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்து அறுத்தார்கள். ஊசி என்றதும் கோகிலா, எதற்கான ஊசி என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோன நேரம் ஒன்று இருந்தது. அது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டாள். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய அழுகை கேட்டது.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து நல்ல காற்றைச் செலுத்தினார்கள். மௌலி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டான். "பிழைச்சுக்கும்" என்றார் ஹசீனா. "மூளைக்கு என்ன ஆகியிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. நடக்கறப்ப, பேசறப்பதான் தெரியும். உன்கிட்ட நான் மறைக்கமாட்டேன்."

மறைக்கமாட்டேன் என்றதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

*

சாயங்கால வெளிச்சத்தில் ரேணுகா அறைவாசலில் வந்து நின்றாள். பட்டுப்புடவை நனைந்து கசங்கியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. உள்ளே வரலாமா என்று கேட்கவும் இல்லை, வரவும் இல்லை.

கோகிலா அவளைப் பார்த்தாள். வெறுப்பதற்கு நிறையவே இருந்தது. ஆனாலும் முப்பது வருடப் பழக்கம் மனதுக்குள் ஒரு வக்கீலைப்போல எழுந்து வாதாடியது. சொல்லாமல் இருந்தாள், உண்மைதான். ஊருக்குப் பயந்தாள், கம்பெனிக்குப் பயந்தாள். ஆனால் கடைசியில், ஐம்பது பேர் சிரித்தபோதும், எழுந்துபோய்க் கதவுகளைத் திறந்தாளே. என் பிள்ளைக்காக அதையாவது செய்தாளே. அது இல்லாவிட்டால் இந்நேரம் இந்தப் பிள்ளை ஏது? அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்றைக்காவது ஒருநாள் அவளை மன்னித்துவிட முடியுமோ என்னவோ.

ரேணுகா நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள்.

"தலை வலிக்குதாக்கா?" பழக்கம்தான், வாய் தானாகக் கேட்டது.

"ஆமா கண்ணு. மண்டையப் பொளக்குது. ரெண்டு தடவை வாந்தி வேற. மண்டபத்துல இருந்தே…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

கோகிலா அசையாமல் படுத்திருந்தாள். மண்டபத்தில் இருந்த ஐம்பது பெண்களில் ஒருத்திக்கும் தலை வலிக்கவில்லை.

"நீ ஊசி போட்டுக்கலை" என்றாள்.

ரேணுகா இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"எப்பருந்து?"

"ரெண்டு வருசமா. குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பிச்சதுலருந்து."

"எத்தனை மாசம்?"

ரேணுகாவின் கை, அவளை அறியாமலே, நனைந்த புடவைக்குமேல் அடிவயிற்றுக்குப் போனது. "மூணு" என்றாள், உதடு மட்டும் அசைய. "பதினோரு வருசம் கோகி. மூணு முடியட்டும், உன்கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்…"

கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள். புழுக்கமாக இருந்தது என்று அக்கா சொன்னதில் பாதி நிஜம். கதவுகளைத் திறந்தது பிள்ளைக்காகத்தான். எந்தப் பிள்ளைக்காக என்பதில்தான் அவள் ஏமாந்து போயிருந்தாள். மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். தையல் போட்ட இடம் இப்போதுதான் மரப்பு விட்டு எரியத் தொடங்கியது.

அவள் கையை நீட்டித் தலைமாட்டில் இருந்த மணியை அழுத்தினாள். நர்ஸ் ஓடிவந்தாள்.

"சிஸ்டர், இவங்க கரி ஊசி போடாதவங்க. மூணு மாசம். காத்தால கரிப்புகையில அரை மணி நேரம் உக்காந்திருக்காங்க, தலைவலி, வாந்தி இருக்குது. உடனே ஆக்ஸிஜன் வைங்க. டாக்டரையும் கூப்பிடுங்க, பிள்ளைக்குத் துடிப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

ரேணுகா வாய்விட்டு அழுதாள். "கோகி…" என்று ஓரடி உள்ளே எடுத்துவைத்தாள்.

"இந்த ரூம்ல வேண்டாம் சிஸ்டர்" என்றாள் கோகிலா. "வேற எடத்துல படுக்க வைங்க."

நர்ஸ் ரேணுகாவின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டுவதற்குமுன் திரும்பி, "சீட்டுல எழுதணுங்க. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"அந்த மண்டபத்துல இருந்த இன்னொரு கர்ப்பிணி" என்றாள் கோகிலா.